ஆள் நிற்கவில்லையா? எந்த மாதத்தில் போனார் என்று பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பதினோரு வருடமாகச் சின்னக் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். மாதக் கடைசியில் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால், டீ வருவதற்கு முன்னால் முதலாளி சொல்வது ஒன்றுதான்: "ஆளே நிக்க மாட்டேங்குது தம்பி. இந்த ஊர் ஆளுங்களே இப்படித்தான்." சாட்ஸ்வொர்த்திலும் இதே பேச்சு, பீனிக்ஸிலும் இதே பேச்சு. நம் ஊரிலிருந்து விசா போட்டுக் கூட்டிவந்த பையன் எட்டாம் மாதம் ஜோகன்னஸ்பர்க் போய்விட்டால் மட்டும் வசனம் மாறும்: "நன்றி கெட்ட பய."

இங்கே நாலைந்து தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிக்கின்றன. அதனால் இதைத் தமிழில் படிப்பவர்கள் அநேகமாக என்னைப்போல் பிறகு வந்தவர்கள்: கடை போட்டவர்கள், கடையை நடத்துபவர்கள், அந்தக் கடையில் வேலை பார்ப்பவர்கள். முதலில் கடைக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வேலை பார்ப்பவர்களுக்குக் கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது.

முதலில் ஒரு தாள்

கோளாறைத் தேடும் முன்பு ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். இரண்டு வருடத்தில் வேலையை விட்டுப் போனவர்கள் அத்தனை பேரையும் எழுதுங்கள். பெயர், சேர்ந்த தேதி, போன தேதி, யார் கீழ் வேலை பார்த்தார், கடைசியாக வாங்கிய சம்பளம். அவ்வளவுதான். "போன காரணம்" என்று ஒரு பத்தி போடாதீர்கள். போட்டால் எல்லாருக்கும் நேராக "குடும்பப் பிரச்சினை" என்றுதான் எழுதுவீர்கள், ஏனென்றால் அவர்கள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கடைசி மாதச் சம்பளத்தை இன்னும் கையில் வாங்காத ஆள் உங்கள் முகத்துக்கு நேரே உண்மை பேசுவாரா?

காரணத்தைத் தேதி சொல்லும். எந்தக் கட்டத்தில் போனார் என்று பார்த்தாலே கோளாறு கடையின் எந்த மூலையில் இருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒரு ஓட்டலில் இப்படி எழுதினோம். மொத்தம் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடம். இரண்டு வருடத்தில் போனவர்கள் 31 பேர். ஒரு வாரத்துக்குள் போனவர்கள் 9. முதல் சம்பளம் வாங்கிப் பத்து நாளுக்குள் போனவர்கள் 11. மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் 6. ஒரு வருடம் தாண்டிப் போனவர்கள் 5. தாளைப் பார்த்ததும் முதலாளி அண்ணன், "பாத்தியா, நான் சொல்லல?" என்றார், வழக்கில் ஜெயித்தவர் மாதிரி. எனக்கு அந்தத் தாளில் நான்கு தனித்தனிக் கோளாறுகள் தெரிந்தன.

அறிகுறி: ஒரு வாரத்துக்குள் போய்விடுகிறார்

சம்பளம் பிடிக்காமல் போகவில்லை, அவர்தான் இன்னும் சம்பளமே பார்க்கவில்லையே. நீங்கள் சொன்ன வேலையும் கொடுத்த வேலையும் வேறு வேறு.

அந்த ஓட்டலின் விளம்பரத்தில் "கிச்சன் ஹெல்பர்" என்று இருந்தது. முதல் நாள் காலையில் 25 கிலோ அரிசி மூட்டை பத்து இறக்கச் சொன்னார்கள். மதியம் கழிப்பறை. இரண்டும் செய்ய வேண்டிய வேலைதான், தப்பில்லை. ஆனால் சேரும்போதே சொல்லியிருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அது வெறும் மரியாதை அல்ல, சட்டம். 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், வேலை என்ன, எங்கே, எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் என்ன விகிதம், லீவு எவ்வளவு என்பதை வேலை தொடங்கும்போதே எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கத்தை எழுத உட்காரும்போதுதான் பல முதலாளிகளுக்கே தாங்கள் என்ன வேலைக்கு ஆள் தேடுகிறோம் என்று தெரிகிறது.

சம்பளமில்லாத "ட்ரயல்" வாரம் வைத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். வேலை வாங்கிய நாளுக்குக் காசு கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள்: புதிய ஆள் முதல் நாள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்? அந்த ஓட்டலில் பின்கதவுப் படியில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில், கவிழ்த்த எண்ணெய் டின் மேல். வாடிக்கையாளருக்கு வாழை இலை போடுகிற கடை. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தவருக்கு ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை கொடுக்க வேண்டும் (எழுத்தில் ஒத்துக்கொண்டால் அரை மணியாகக் குறைக்கலாம்). நேரம் கொடுத்தால் மட்டும் போதாது, உட்கார ஒரு பெஞ்சும் போடுங்கள். இந்தத் தாளில் இருக்கும் கோளாறுகளில் மிக மலிவாகச் சரிசெய்யக்கூடியது அதுதான்.

அறிகுறி: முதல் சம்பளத்தோடு காணாமல் போகிறார்

இது சம்பளச் சீட்டுக் கோளாறு. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பாத்திரம் கழுவும் இடத்தில் சேர்ந்த ஒரு பெண்ணின் முதல் மாதச் சீட்டு இது. பேசிய சம்பளம் 5,800 ராண்ட். சாப்பாட்டுக்கு 600 பிடித்தம். சீருடைக்கு 350. உடைந்த தட்டுகளுக்கு 240. யு.ஐ.எஃப் என்னும் வேலையின்மைக் காப்பு நிதிக்கு ஒரு சதவீதம், 58. கைக்கு வந்தது 4,552. அதுவும் சீட்டு என்று நான்தான் சொல்கிறேன். உண்மையில் அது கால்குலேட்டர் பேப்பரைக் கிழித்து நோட்டுகளோடு சுருட்டி ரப்பர் போட்டுக் கொடுத்தது. அவர் காலையில் வர இரண்டு டாக்சி மாற வேண்டும், போக இரண்டு. (ஊரில் இருப்பவர்களுக்கு: இங்கே டாக்சி என்றால் ஆள் நிரம்பினால் கிளம்பும் மினி பஸ்.) அதையும் கழித்துப் பாருங்கள்.

முதலாளிக்கு 5,800 என்பது நல்ல சம்பளமாகத்தான் தெரிந்தது. "குறைந்தபட்சக் கூலிக்கு மேலதானே தம்பி கொடுக்கிறேன்?" சரி, கணக்குப் போடுவோம். தேசியக் குறைந்தபட்சக் கூலி 2019 ஜனவரியில் மணிக்கு 20 ராண்டில் தொடங்கியது. 2025 மார்ச் 1 அன்று 27.58இலிருந்து 28.79க்கு ஏறியது. அந்த 28.79 கணக்கில் வாரத்துக்கு 45 மணி நேரம் என்றால் மாதம் ஏறக்குறைய 5,614. அதுவரை அண்ணன் சொன்னது சரி. ஆனால் வருகை நோட்டில் அந்தப் பெண் வாரம் ஆறு நாள், சாப்பாட்டு நேரம் போக நாளுக்கு ஒன்பது மணி நேரம் வேலை பார்த்திருக்கிறார். மொத்தம் 54. 45க்கு மேல் போன ஒன்பது மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. வாரம் 1,684 ராண்ட், மாதம் 7,298. இது ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியதைச் சேர்க்காமல். ஆக, பேசிய சம்பளமே 1,498 ராண்ட் குறைவு. பிடித்தம் எல்லாம் அதற்கப்புறம் வருகிற கதை.

"மூணு வேளை சாப்பாடு போடுறேனே, அது சம்பளம் இல்லையா?" என்று கேட்டார். இல்லை. குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிடும்போது சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்துப் படி, போனஸ், டிப்ஸ் எதுவும் சேராது. பணமாகக் கொடுத்த கூலி மட்டும்தான். அப்புறம், கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் தனித்தனித் துறை விதிகள் இருக்கின்றன. சில வேலைகளுக்கு அதில் இன்னும் கூடுதலான கூலி இருக்கும். உங்கள் துறைக்கு எது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிடித்தத்துக்கு வருவோம். எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் சீருடைக்கும் சாப்பாட்டுக்கும் பிடிக்க முடியாது. உடைந்த தட்டு, கல்லாவில் குறைவு மாதிரி நஷ்டங்களுக்கு விதி இன்னும் கடுமை: அவர் தப்பால்தான் நடந்தது என்று தெரிய வேண்டும், அவர் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும், உண்மையான நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது, இதற்கும் எழுத்தில் சம்மதம் வேண்டும். தட்டு விஷயத்தில் நான் விசாரித்தேன். கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த பலகை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. யார் அடுக்கினாலும் நாலு நாளைக்கு ஒரு தட்டு விழும். ஆணி இரண்டு அடித்ததும் நின்றுவிட்டது.

ஒரு நாள் வராதவருக்கு இரண்டு நாள் சம்பளம் வெட்டுகிற கடைகளையும் பார்த்திருக்கிறேன். மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களில் நம் கொள்ளுத் தாத்தாக்களுக்கு இதைத்தான் செய்தார்கள். அங்கே அதற்கு "டபுள் கட்" என்றே பெயர். நாமே அதைச் செய்வது கொஞ்சம் அதிகம்.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்: கடையின் பெயர், விலாசம், ஊழியர் பெயர், வேலை, எந்தக் காலத்துக்கான சம்பளம், மணிக்கு எவ்வளவு, சாதாரண மணி எத்தனை, ஓவர்டைம் எத்தனை, ஞாயிறு எத்தனை, ஒவ்வொரு பிடித்தமும் எதற்கு, கையில் எவ்வளவு. ரொக்கமாகக் கொடுத்தால் ஒட்டிய உறையில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. இதை முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கல்லாவுக்கு முன்னால், வாடிக்கையாளர் பார்க்க, நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கையில் வைத்தபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அதன் பிறகு சிரிப்பு வரவில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார், "கடைய மூட வேண்டியதுதான்." அதனால் இன்னொரு கணக்கும் போட்டோம். ஓர் ஆள் போய் இன்னோர் ஆள் வந்தால் என்ன செலவு? விளம்பரம், இரண்டு நாள் ஆள் பார்க்கும் வேலை, திரும்பி வராத சீருடை, ஒரு வாரம் மாஸ்டரே பாத்திரம் தேய்த்தது, அந்த வாரம் விட்டுப்போன கேட்டரிங் ஆர்டர். அவர் வாயாலேயே ஆளுக்கு 4,000 ராண்ட் வந்தது. முதல் இரண்டு அறிகுறியில் போன இருபது பேரும் இரண்டே வேலைக்கு வந்தவர்கள்: பாத்திரம் கழுவ ஒருவர், காய் நறுக்க ஒருவர். இருபது பேருக்கு 80,000. அந்த இரண்டு வேலைக்கும் மாதம் 1,498 கூடுதலாகக் கொடுத்திருந்தால் இரண்டு வருடத்தில் 71,904. தாளைத் திருப்பிப் போட்டுவிட்டு டீ சொன்னார்.

அபராதத்தை நான் அன்று சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்தது பிடிபட்டால், குறைத்துக் கொடுத்த தொகையின் இரண்டு மடங்கு அல்லது அவருடைய மாதச் சம்பளத்தின் இரண்டு மடங்கு, இதில் எது பெரிதோ அது. பாக்கியைக் கொடுப்பது தனி.

அறிகுறி: மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் போகிறார்

சம்பளத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார், வேலையும் பழகிவிட்டது, ஆனாலும் போகிறார். ஷிப்ட் அட்டவணையை எடுங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு கடை சாத்தித் தரை துடைத்து முடிக்கப் பத்தரை. அதே ஆள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இட்லிக்கு வர வேண்டும். நடுவில் எட்டரை மணி நேரம். இனாண்டாவில் வீடு. வார்விக் டாக்சி நிலையத்தில் அந்த நேரத்துக்கு வண்டி நிரம்பினால்தானே கிளம்பும்? வீடு சேரப் பன்னிரண்டு. காலையில் ஐந்து மணிக்கு மறுபடி கிளம்பியாக வேண்டும். முதல் மாதம் உடம்பு தாங்கும். இரண்டாவது மாதம் திங்கட்கிழமை லீவு வரும். மூன்றாவது மாதம் போன் எடுக்க மாட்டார்.

ஒரு வேலை நாள் முடிந்து அடுத்தது தொடங்கப் பன்னிரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும், வாரத்தில் தொடர்ச்சியாக 36 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பது சட்டம். மாலை ஆறு மணிக்கு மேல் காலை ஆறு மணிக்குள் வேலை வாங்கினால் அதற்கு ஒப்புதல் வேண்டும், படி கொடுக்க வேண்டும் அல்லது நேரத்தைக் குறைக்க வேண்டும், வீட்டுக்குப் போக வர வண்டி கிடைக்கிறதா என்பதும் உங்கள் பொறுப்பு. "அது அவங்க பாத்துக்குவாங்க" என்ற பதில் செல்லாது.

சரி செய்வது: சாத்துகிறவரும் திறக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அடுத்த வார அட்டவணை வியாழக்கிழமைக்குள் சுவரில் ஒட்டப்பட வேண்டும், காகிதத்தில். இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் "நாளை 7க்கு வா" என்று போடுவது அட்டவணை அல்ல. வந்தவரைக் கூட்டமில்லை என்று ஒரு மணி நேரத்தில் திருப்பி அனுப்பினாலும் நான்கு மணி நேரக் கூலி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதே கட்டத்தில் இன்னொரு காரணமும் ஒளிந்திருக்கும்: மூன்று மாத ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பது. நிரந்தரமாக்காமல் இருப்பது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறார்கள். சம்பளம் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருப்பவர்களை, சட்டம் ஏற்கிற காரணம் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் வைத்தால், சட்டத்தின் கண்ணில் அவர் நிரந்தர ஊழியர்தான். பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் கடைகளுக்கும், ஐம்பது பேருக்குக் குறைவாக இருந்து தொடங்கி இரண்டு வருடம் ஆகாத கடைகளுக்கும் விலக்கு உண்டு. விலக்கு இருந்தால்கூட, இரண்டாவது மூன்று மாதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே அந்த ஆள் வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுவார். நீங்களாக இருந்தால் தேட மாட்டீர்களா?

அறிகுறி: நல்லவர்கள் மட்டும், சேர்ந்தாற்போல் போகிறார்கள்

தாளில் "யார் கீழ்" என்ற பத்தியைப் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் விஷயம் முடிந்தது.

இது வேறொரு இடம், மசாலா மொத்த விற்பனைக் கடை. ஆறு வாரத்தில் ஐந்து பேர். ஐவரும் ஒரே சூப்பர்வைசர் கீழ். கெட்டவர் இல்லை. கடையிலேயே சிறந்த விற்பனையாளர். எந்த வாடிக்கையாளர் எந்த மிளகாய்ப் பொடி வாங்குவார் என்று மனப்பாடமாகச் சொல்வார். அதற்குப் பரிசாக அவரை மேலே தூக்கி வைத்தார்கள். ஆள்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லியும் தரவில்லை. எல்லாவற்றையும் தானே செய்வார், முடியாதபோது கத்துவார். வாடிக்கையாளர் முன்னால், தமிழில். புரியாது என்று நினைப்பு. அங்கே ஆறு மாதம் இருந்த ஜூலு பையனுக்குத் தெரிந்த தமிழ் வார்த்தைகள் மொத்தம் ஏழு, அதில் ஐந்து திட்டு. அந்தச் சூப்பர்வைசருக்குத் தெரிந்த ஜூலு வார்த்தை ஒன்று, "சாவுபோனா". வணக்கம் என்று பொருள். நம் காதுக்கு அபசகுனமாகக் கேட்கிறது என்று அதையும் சொல்ல மாட்டார்.

அதற்கு மேல், அந்தக் கடைக்கு மூன்று முதலாளி. பெரியவர் ஒன்று சொல்வார், அவருடைய மைத்துனர் வேறொன்று, சூப்பர்வைசர் மூன்றாவது. மூட்டையை வலது பக்கம் அடுக்கினால் ஒருவர் திட்டுவார், இடது பக்கம் அடுக்கினால் இன்னொருவர். வேலை தெரிந்த ஆள் இதைத் தாங்க மாட்டார், அவருக்குத்தான் வேறு இடம் கிடைக்குமே. கிடைக்காதவர்கள் தங்கிவிடுவார்கள். இரண்டு வருடத்தில் கடையில் யார் மிஞ்சுவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சூப்பர்வைசரைச் சம்பளம் குறைக்காமல் திரும்ப விற்பனைக்கு அனுப்பச் சொன்னேன். அவருக்கே நிம்மதி என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கிடங்கில் மூன்று வருடம் இருந்த ஒரு பெண்ணுக்கு ஆள்களைப் பார்க்கும் பொறுப்பு போனது. மைத்துனர் விஷயத்தில் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. மைத்துனர் விஷயத்தில் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

நம் கடைகளுக்கே உரிய ஒன்று: ஊரிலிருந்து வந்த பையனுக்கு ஒரு சம்பளம், அதே வேலை செய்யும் உள்ளூர் ஆளுக்கு இன்னொரு சம்பளம். சில இடங்களில் நேர்மாறாக, விசாவில் வந்தவனுக்குத்தான் குறைவு. எப்படியிருந்தாலும் தெரிந்துவிடும். "சம்பளத்தை யாரிடமும் சொல்லக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதி வைப்பதால் பயனில்லை. தன் வேலை நிபந்தனைகளைப் பற்றிச் சக ஊழியரிடமோ வேறு யாரிடமுமோ பேசும் உரிமை அதே 1997 சட்டத்தின் 78ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரே வேலைக்குச் சமச் சம்பளம் என்பதும் 2014 திருத்தத்துக்குப் பிறகு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் நேராகவே எழுதப்பட்டிருக்கிறது.

அறிகுறி: ஒரு வருடம், இரண்டு வருடம் நின்றவர் திடீரென்று போகிறார்

திடீரென்று இல்லை. கடைசியாக எப்போது சம்பளம் ஏற்றினீர்கள்?

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து வந்து டர்பனில் இறங்கிய நம் ஆட்களின் ஒப்பந்தத்தில் முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், அப்புறம் வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம் என்று எழுதியிருந்தது. கொடுமையான ஒப்பந்தம், கொடுத்தவர்கள் அதையும் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. ஆனாலும் காகிதத்தில் வருடாந்தர ஏற்றம் இருந்தது. நான் கணக்குப் பார்க்கும் கடைகளில் பாதியில் அந்த ஒரு வரி கிடையாது.

மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி ஏறும்போது இன்னொன்று நடக்கும். நேற்றுச் சேர்ந்தவர் சம்பளம் தானாக ஏறிவிடும். மூன்று வருடம் இருந்தவர் கொஞ்சம் மேலே இருந்திருப்பார், அவருக்கு ஏற்றம் கிடையாது. இரண்டு பேருக்கும் நடுவில் நாற்பது காசு வித்தியாசம் நிற்கும். அவர் உங்களிடம் வந்து சண்டை போட மாட்டார். டிசம்பர் போனஸ் வாங்கிக்கொண்டு ஜனவரியில் போவார். ஒவ்வொரு மார்ச்சிலும் அடியிலிருப்பவருக்கு எத்தனை சதவீதம் ஏறுகிறதோ அதே சதவீதத்தை எல்லாருக்கும் ஏற்றுங்கள். முடியாவிட்டால் முடியவில்லை என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். சொன்னாலே சிலர் நிற்கிறார்கள்.

சில்லறை அறிகுறிகள்

திங்கட்கிழமை லீவு அதிகமா? ஞாயிறு யாருக்கு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். மருத்துவச் சான்று தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டாலோ எட்டு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் வராவிட்டாலோதான் கேட்க முடியும்.

கல்லா குறைகிறதா? எத்தனை பேர் கை அந்தப் பெட்டிக்குள் போகிறது என்று எண்ணுங்கள். ஒரு ஷிப்டுக்கு ஒரு ஆள் என்று வைத்தால் பாதி வழக்கு தீரும்.

தீபாவளிக்கு லீவு கேட்டுத் தமிழ் ஆள்கள் சண்டையா? இங்கே தீபாவளி அரசு விடுமுறை இல்லை. வருட லீவிலிருந்து கொடுங்கள், ஆனால் ஒரு மாதம் முன்பே பேசிவிடுங்கள். அன்றைக்குக் கடையைப் பார்த்துக்கொள்ளும் ஜூலு ஆள்களுக்கு அவர்கள் கேட்கும் வேறொரு நாளில் லீவு கொடுத்தால் கணக்கு நேர்.

அறிகுறி: ஆள் போன இரண்டு வாரத்தில் சி.சி.எம்.ஏ.விலிருந்து கடிதம்

பயப்படவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். வேலைச் சச்சரவுகளைப் பேசித் தீர்க்கவும், தீராவிட்டால் தீர்ப்புச் சொல்லவும் இருக்கும் ஆணையம் அது. முதல் கட்டம் சமரசம்தான், வக்கீல்கள் அதில் வர முடியாது. நீங்கள் போகாமல் விட்டால் நீங்கள் இல்லாமலேயே உங்களுக்கு எதிராக உத்தரவு வரலாம், நியாயமற்ற பணிநீக்கம் என்றால் பன்னிரண்டு மாதச் சம்பளம் வரை.

"அவனா ஓடிப்போனான், நான் நீக்கவே இல்ல" என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். நாலு நாள் வராத ஆளின் பெயரை நோட்டில் அடித்துவிட்டு வேறு ஆளைப் போட்டிருந்தார். ஐந்தாவது நாள் அந்த ஆள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தார். வராதவரைத் தேடியதற்கு, கூப்பிட்டு விசாரித்ததற்கு ஏதாவது எழுத்தில் இருக்க வேண்டும். அழைப்பு, குறுஞ்செய்தி, கடிதம் எதுவானாலும் சரி.

நீங்கள் சம்பளம் வாங்கும் பக்கம் இருந்தால்

வேலையை விட்டு எறிவதற்கு முன்பு மூன்று பொருள்களைச் சேர்த்து வையுங்கள்: வேலை பார்த்த நேரம் (உங்கள் கையெழுத்தில் ஒரு நோட்டு போதும், தினமும் எழுதியிருக்க வேண்டும்), சம்பளம் வந்ததற்கான அடையாளம், மேலாளர் அனுப்பிய செய்திகள். பாக்கிச் சம்பளத்துக்கு வேலையில் இருந்துகொண்டே தொழிலாளர் துறையிடமோ சி.சி.எம்.ஏ.விடமோ போகலாம். நீக்கிவிட்டார்கள் என்றால் முப்பது நாளுக்குள் மனுப் போட வேண்டும். "கொடுமை தாங்காமல் நானே விட்டேன், அதுவும் நீக்கியது மாதிரிதான்" என்று வாதாடச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அதில் ஜெயித்ததை நான் அதிகம் பார்க்கவில்லை.

ஊரிலிருந்து விசாவில் வந்த தம்பிகளுக்கு இரண்டு. பாஸ்போர்ட்டை முதலாளி "பத்திரமா வச்சிருக்கேன்" என்று வாங்கி வைத்தால் திருப்பிக் கேளுங்கள், அது அவருடையதும் இல்லை, உங்களுடையதுகூட இல்லை, இந்திய அரசின் சொத்து. வேலை கொடுப்பதற்காக ஊழியரிடமிருந்து பணம் கேட்பதும் வாங்குவதும் அதே 1997 சட்டத்தின் 33ஏ பிரிவில் தடை. "விசா காசு" என்று மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள்.

விடும்போது முறைப்படி நோட்டீஸ் கொடுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் ஒரு வாரம், ஒரு வருடத்துக்குள் இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம். எடுக்காத வருட லீவுக்குக் காசு, வேலை பார்த்ததற்கான சான்றிதழ், யு.ஐ.எஃப்புக்கான யு.ஐ-19 படிவம், மூன்றையும் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

அந்த ஓட்டல் இப்போது

கடந்த பன்னிரண்டு மாதத்துக்குப் புதிய தாள் போட்டோம். ஏழு பெயர். பெஞ்ச் வந்துவிட்டது. உறை வந்துவிட்டது, அண்ணனே மொத்தமாக ஐந்நூறு வாங்கி வைத்திருக்கிறார். ஒரு வாரத்துக்குள் போனவர்கள் யாரும் இல்லை, முதல் சம்பளத்தோடு போனவர் ஒருவர். ஆனால் மூன்று மாதக் கட்டத்தில் இன்னும் நான்கு பெயர் நிற்கிறது. வெள்ளிக்கிழமை பத்தரைக்குத்தான் சாத்துகிறார், வண்டி வைக்க மனசு வரவில்லை. அடுத்த மாதக் கடைசியில் போகும்போது அதைத்தான் பேச வேண்டும், டீ வருவதற்கு முன்னால்.